கிளீட்டஸ் மாமாவின் இரண்டு இடங்கள்

கிரீன் பே, விஸ்கான்சின்
அக்டோபர் 17, வியாழக்கிழமை

அரிசோனா வெயிலில் சௌக்கியமாக இருக்கும் என் அன்பு அக்கா மார்லீனுக்கு,

தம்பி நார்பர்ட் பணிவோடு எழுதிக்கொண்டது. இங்கே நானும் லொரேனும் நலம், என் இடது முழங்கால் நீங்கலாக. அங்கே நீயும் அத்தானும் அத்தானின் சர்க்கரையும் ஒழுங்காக இருக்கிறீர்களா? இதையெல்லாம் போனிலேயே கேட்கலாம்தான். ஆனால் நான் விஷயத்துக்கு வருவதற்குள் நீ "சரிடா, அடுப்புல வேலை கெடக்கு" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. தயவுசெய்து உட்கார்ந்து படி. நிலைமை மோசம்.

கிளீட்டஸ் மாமா நம் ஊர் ஃபுட்பால் அணியின் ஆட்டம் பார்க்க மைதானத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். எண்பத்தொன்பது வயதில் பனி உறைந்த படிக்கட்டில் ஏறினால் நேராகப் பரலோகத்துக்குத்தான் ஏறுவீர் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே அவர் பெயரில் இருக்கும் சீசன் டிக்கெட் இரண்டையும் சொந்தத்தில் யாருக்காவது எழுதிவைக்க வேண்டும். வீரா அத்தை போய் ஆறு வருஷம், பிள்ளைகுட்டி கிடையாது, இந்த ஊரில் மிச்சம் இருப்பது நானும் நம் சின்னம்மா மகன் டுவேனும்தான். நீ சிரிப்பாய், தெரியும். உங்கள் ஊரில் டிக்கெட் வேண்டுமென்றால் போய் வாங்குவீர்கள். இங்கே பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதற்கு முன்னாலேயே காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுக்கிறார்கள். நான் தொண்ணூற்றொன்பதில் கொடுத்தேன். எனக்கு முன்னால் இன்னும் எத்தனை ஆயிரம் பேர் என்று வருஷா வருஷம் தபால் அட்டை வருகிறது. அதைப் பார்த்தால் என் சவ ஊர்வலம் அந்த வழியாகப் போகும்போதுதான் உள்ளே விடுவார்கள் போலிருக்கிறது. மாமாவின் இடங்களோ நடுக்கோட்டுக்கு நேர் எதிரே, இருபத்தாறாம் வரிசை. எனக்கு இது வாழ்வா சாவா என்பது புரிகிறதா?

போன மாதம் பூசை முடிந்து கோயில் வாசலில் வைத்து எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "ரெண்டு பேரும் நல்லாக் கேளுங்கடா. இந்த ஆட்டம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இன்னிவரைக்கும் பெரிய குவாட்டர்பேக் யாரு? வெள்ளிக்கிழமை மீன் சாப்பாட்டுக்குப் பதிலோட வாங்க. அதக் கேட்டுட்டுத்தான் கையெழுத்து" என்றார். மைதானத்தில் பதினோரு பேர் இடிபட்டுச் சாக, பந்தை எறிகிற ஒருத்தனைப் பற்றி மட்டும் கேட்கிறார். நான் உள்ளுக்குள் துள்ளிக் குதித்தேன். அறுபத்தேழாம் வருஷக் கடைசி நாள், பூஜ்யத்துக்குக் கீழே பதின்மூன்று டிகிரி, ஆட்டம் முடியப் பதினாறு விநாடி. நம் குவாட்டர்பேக் பார்ட் ஸ்டார் யாருக்கும் எறியாமல் பந்தைத் தானே வயிற்றோடு அணைத்துக்கொண்டு கோட்டைத் தாண்டி விழுந்ததை மாமா நேரில் பார்த்தவர். அன்று மைதானத்தில் ஐம்பதாயிரம் பேர்தான் கொள்ளும். நான் அங்கே இருந்தேன் என்கிறவர்களைக் கூட்டினால் மாநிலமே இருந்திருக்கும். மாமா நிஜமாகவே இருந்தார். கால் கட்டைவிரல் நகத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். அவருக்கு ஸ்டாரை விட்டால் வேறு பதில் உண்டா? நான் ஐந்து பக்கம் எழுதி, குளியலறைக் கண்ணாடி முன் நின்று மனப்பாடம் செய்தேன்.

வெள்ளிக்கிழமை ஏரிக்கரை சப்பர் கிளப்பில் கால் வைக்க இடமில்லை. மாமா நடுவில், டுவேன் ஒரு பக்கம், நானும் லொரேனும் எதிரே. பரிமாறுகிற டார்லா பொரித்த மீனையும் உருளைக்கிழங்கு அடையையும் கொண்டுவந்து வைத்தாள். மாமா துண்டைக் கழுத்தில் செருகிக்கொண்டு, "இளையவன் முதல்ல சொல்லட்டும்" என்றார். டுவேன் யார் ஆள் என்பது உனக்கே தெரியும். நம் அணிக்குப் பதினாறு வருஷம் பந்தெறிந்த பிரெட் ஃபாவ்ர் மேல் உள்ள பக்தியில் அவர் பெயரை நாய்க்கு வைத்தவன். அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "யோசிக்கவே வேணாம் மாமா. ஸ்டார்தான். ஏழு வருஷத்துல அஞ்சு பட்டம். வேற எவன் செஞ்சான்?" என்றான். அக்கா, அது என் முதல் பக்கத்தின் முதல் வரி! எழுத்து மாறாமல்! கட்டிய பெண்டாட்டி லொரேன் தட்டை விட்டுத் தலையைத் தூக்கவேயில்லை. அவளும் டுவேன் பெண்டாட்டியும் ஒரே இடத்தில் முடி வெட்டிக்கொள்கிறவர்கள்; என் ஐந்து பக்கமும் அங்கேதான் கசிந்திருக்கும். அதை அப்புறம் விசாரிக்கிறேன்.

"நார்பர்ட், நீ என்ன சொல்றே?" என்றார் மாமா. நானும் ஸ்டார் என்றால் எதிரொலி. ஃபாவ்ர் என்றால் தொலைந்தேன்; அந்த ஆள் நம் பரம எதிரி மின்னசோட்டாவுக்குப் போய் ஊதாச் சட்டை மாட்டிய நாளிலிருந்து அந்தப் பெயர் விழுந்த இடத்தில் மாமா பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை. அவருக்கு அப்புறம் இங்கே பந்தெறிந்த ராட்ஜர்ஸும் நியூயார்க் போய்விட்டார். என்ன சொல்வது என்று நான் தவிக்கும்போதே என் வாய், என்னைக் கேட்காமல், "பிரேடி" என்றது.

நம் அணிக்கு ஒரு நாள்கூட ஆடாத ஆள்! டார்லா கையில் தட்டோடு நின்றுவிட்டாள். எனக்கு வர வேண்டிய பிராந்தியைக் கடைக்காரர் அடுத்தவனுக்குக் கொடுத்துவிட்டார். லொரேன் மேசைக்கடியில் உதைத்தாள், அதுவும் இடது முழங்காலில்.

"யாரு?" என்றார் மாமா.

"டாம் பிரேடி, மாமா. ஏழு பட்டம். கடைசிப் பட்டம் நாப்பத்திமூணு வயசுல. எனக்கு அந்த வயசுல குனிஞ்சு ஷூ லேஸ் கட்டினாலே மூச்சு வாங்குச்சு."

"கேட்டீங்களா மாமா?" டுவேன் எழுந்தே விட்டான். "இவனுக்கா டிக்கெட்டு? உங்க எடத்துல உக்காந்துக்கிட்டு பாஸ்டன்காரனுக்குக் கை தட்டுவான்!"

"நீ வாய மூடுடா. நேத்துவரைக்கும் ஃபாவ்ர் ஃபாவ்ர்னு உசுர விட்டவன்!"

"மனுசனுக்கு மனசு மாறக் கூடாதா?"

"மாறும், மாறும். டிக்கெட்டப் பாத்தா மாறும்!"

"ஸ்டார் ஆடுனப்ப மண்டையில அடிச்சாலும் கேள்வி கெடையாது," என்றார் மாமா மீனைப் பிய்த்துக்கொண்டே. "உன் ஆள யாராச்சும் ஒரசினாலே விசில் ஊதுறான்."

"அந்த மண்டையடியெல்லாம் பிரேடியும் வாங்கியிருப்பாரு மாமா, அவரு பொறந்ததே அப்புறந்தானே?" என்றேன். பக்கத்து மேசைக்காரர் அந்தக் காலத்து யூனிடாஸ் என்ற ஆட்டக்காரரை மறந்துவிட்டோமே என்று குறுக்கே பாய்ந்தார். டார்லா தட்டை இறக்கி வைத்துவிட்டு, "மொன்டானா பேர ஒருத்தரும் சொல்லலியே? பட்டத்துக்கான பெரிய ஆட்டம் நாலு, நாலும் ஜெயம், ஒரு பந்தக்கூட எதிரிக்குக் குடுக்கல" என்று இடுப்பில் கை வைத்தாள். நான் விடவில்லை, அக்கா. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு இருபது வருஷமாக மனசுக்குள் பிரேடிதான். இந்த ஊரில் அதைச் சொல்ல முடியாமல் அடைத்து வைத்திருந்தது அத்தனையும் கொட்டிவிட்டது. டுவேனும் நானும் மூக்கோடு மூக்கு உரசக் கத்தினோம். மாமா அதற்குள் என் தட்டிலிருந்த அடையையும் சாப்பிட்டு முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை சொல்றேன்" என்று எழுந்துவிட்டார்.

அன்றிலிருந்து மாமா போனை எடுப்பதில்லை. ஆப்பிள் கொடுக்கிற சாக்கில் திங்கட்கிழமை போனேன். டுவேனின் டிரக் வாசலில் நின்றது, அவன் ஏணி மேல் ஏறிக் கூரைத் தண்ணீர்க்குழாயில் இலை வாரிக்கொண்டிருந்தான். புதன்கிழமை குளிருக்கு ஜன்னல் அடைக்கப் போனேன், அடைத்தாயிற்று. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆகவே அக்கா, நீதான் துணை. மாமாவுக்கு உன் பேச்சு என்றால் வேதவாக்கு. உடனே அவருக்குப் போன் போட்டு இதை மட்டும் சொல்: டுவேன் வீட்டு கராஜில், பனி டயர்களுக்குப் பின்னால், பிளாஸ்டிக் பையில், ஃபாவ்ரின் ஊதாச் சட்டை இருக்கிறது. மின்னசோட்டா சட்டை. நாலாம் எண். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். இது ஒன்று போதும், டுவேன் கதை முடிந்தது.

உனக்கும் அத்தானுக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளையும் பனியில்லாத குளிர்காலத்தையும் தருவாராக. லொரேன் அன்பைச் சொல்லச் சொன்னாள். நான்தான் அவளோடு பேசுவதில்லை.

உன் பாசமுள்ள தம்பி,
நார்பர்ட் டெல்விச்

பின்குறிப்பு: அக்கா, போன் போடாதே! உறையை ஒட்டப் போகும்போது டுவேனின் டிரக் வாசலில் வந்து நின்றது. மாமா இறங்கினார். நேற்றே கையெழுத்துப் போட்டுவிட்டாராம். ஆளுக்கு ஒன்று. "பதில் வேணும்னா கம்ப்யூட்டரக் கேட்டிருப்பேனே" என்றார். "வீரா முப்பது வருசம் பக்கத்துல உக்காந்து நான் சொன்ன ஒவ்வொண்ணுக்கும் இல்ல இல்லன்னா. அவ போனப்புறம் அந்த எடத்துக்குக் கூட்டிட்டுப் போனவன் பூரா தலையாட்டிப் பயலுக. ஆட்டமே ருசிக்கலடா. அன்னிக்கு மீன் சாப்பிட்டப்பத்தான் ருசிச்சுது. ஆட்டம் முடிஞ்சதும் ரெண்டு பேரும் நேரா என் வீட்டுக்கு வரணும், மிச்சச் சண்டைய என் முன்னாடி போடணும்." சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கிளம்பும்போது டுவேன் என் காதோரம் வந்து, "அண்ணே, உங்க ஊதாச் சட்டை இன்னும் என் கராஜ்லதான் கெடக்கு. எலி கடிக்குது, வேற எடம் பாக்கட்டுமா?" என்றான். ஆமாம், அக்கா. அது என் சட்டை. ஃபாவ்ர் அங்கே போன புதிதில் ஒரு சபலத்தில் வாங்கிவிட்டு, லொரேனுக்குப் பயந்து பதினைந்து வருஷத்துக்கு முன் நான்தான் அவனிடம் கொடுத்து வைத்தேன். அன்று கிளப்பில் அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கதை முடிந்திருக்கும். அத்தனை கத்தியவன் அதை மட்டும் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. இத்தனை பக்கத்தைக் கிழிக்கவும் கை வரவில்லை. நீ பாதியிலேயே போனை எடுக்கிறவள். எடுத்திருந்தால் மறுபடி எடுத்து, நார்பர்ட் புளுகினான் என்று மாமாவிடம் சொல்லிவிடு.

நவம்பரில் எங்கள் முதல் ஆட்டம். அங்கே நாற்காலிகூடக் கிடையாது, அலுமினிய பெஞ்சில் ஆளுக்குப் பதினெட்டு அங்குலம். கம்பளிக் கோட்டோடு டுவேன் தோளில் இடித்துக்கொண்டு, ஸ்டார்தான் பெரியவர் என்று அவன் சொல்வதை மூன்று மணி நேரம் கேட்க வேண்டும். அவன் சொல்வது சுத்தத் தப்பு. இனிமேல் அதை அவனிடம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தித்தான் சொல்ல வேண்டியிருக்கும்.