அம்புக்குறி வேட்டை

மறுபடியும் சிலந்தி கணினித் திரையில் அம்புக்குறியின் மேல் பாய்ந்தது. கிளார்க் பெண் மவுஸை விட்டுவிட்டு நாற்காலியோடு பின்னால் உருண்டாள்.

பணி மாறுதல் மனு ஐந்து மணிக்குள் போக வேண்டும். போனால் திரும்பப் பெற முடியாது. கல்யாணமாகி இரண்டு வருஷம். கணவன் வேறு ஊரில், அவள் இங்கே. 'அனுப்பு' என்பதை அமுக்கினால் பிரிவு தீரும். ஆனால் அம்பு அசைந்தாலே அந்தக் கடுகளவு ஜந்து பதுங்கிப் பதுங்கி வந்து தாவியது. முதல் தாவலிலேயே பதறி 'அழி'யை அமுக்கிவிட்டு, மொத்தத்தையும் மறுபடி நிரப்பியிருந்தாள்.

பக்கத்து மேஜைக்காரருக்குப் பூச்சி புழு என்றால் உயிர். இது வலை கட்டாத இனம், அசைவதெல்லாம் இரை என்று பூனை மாதிரிப் பாயும் என்று விளக்கினார். அம்பையே தூண்டிலாக்கி மூலைக்கு இழுத்துப் போகச் சொன்னார். அதுவும் சமர்த்தாகப் பின்னாலேயே போனது. மூலையில் இருந்த மூடும் குறியின் மேல் அது தாவியதும் அவள் விரல் அமுக்கிவிட, பக்கமே மூடிக்கொண்டது.

மூன்றாம் முறை நிரப்பினாள். நிஜ ஈ கிடைத்தால் அம்பை மறந்துவிடும் என்று அவர் ஜன்னலைத் திறந்தார். ஈ வந்தது. சிலந்தி நூலை ஒட்டிவிட்டுத் தாவியது. ஈ தப்பிவிட, அது நூலில் தொங்கி, ஏறி, 'அனுப்பு' மேலேயே உட்கார்ந்து, இரண்டு பெரிய கண்களால் அவளையே பார்த்தது.

"இப்ப என்னையும் ஈன்னு நினைக்குதா?"

"அளவு பார்க்குது மேடம். பெரிசா இருந்தா விட்டுடும்."

ஐந்தாக ஐந்து நிமிடம். அழுகை முட்ட அவள் வெளியே ஓடினாள். தாழ்வாரத்தில் கைபேசி அடித்தது. கணவன்.

"உன்கிட்ட சொல்லாம ஒரு வேலை பண்ணிட்டேன். உன் ஊருக்கே மாத்தல் கேட்டிருந்தேன், ஆர்டர் வந்துடுச்சு. திங்கக்கிழமை அங்க இருப்பேன்."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மணியைப் பார்த்தாள். ஐந்து தாண்டியிருந்தது. நல்லவேளை, மனு போகவில்லை. அந்தச் சிலந்தியைக் கொஞ்சலாம் போலிருந்தது. கண்ணீரும் சிரிப்புமாக உள்ளே வந்தாள்.

பக்கத்து மேஜைக்காரர் கண்ணீரை மட்டும் பார்த்தார்.

"அழாதீங்க மேடம். அதைக் காகிதத்துல ஏத்தி வெளிய விட்டுட்டு, அஞ்சுக்கு ஒரு நிமிஷம் முன்னாடியே உங்க மனுவை நானே அனுப்பிட்டேன்."