புனேவுக்குத் தனி ராகுகாலம்

கம்ப்யூட்டர் திரையில் பச்சை அம்பு முளைத்திருந்தது. 'வாங்கு' என்று அர்த்தம். பத்ரிநாத் டெலிபோனைக் கையில் பிடித்தபடி சுவர்க் கடிகாரத்தை முறைத்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை, மணி பதினொன்று ஐம்பத்தெட்டு. ராகுகாலம் முடிய இன்னும் இரண்டு நிமிஷம்.

வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கிய கையோடு, பங்குகளின் ஏற்ற இறக்கத்தைக் கோடு போட்டுக் காட்டும் சாஃப்ட்வேர் ஒன்றை வாங்கி வந்திருந்தார். ஏரவாடா பக்கம் ஒரு ஃபிளாட்டும் பார்த்தாகிவிட்டது. தசராவுக்குள் முன்பணம் கட்டியாக வேண்டும். கையிலிருந்த இரண்டு லட்சத்தை நாலாக்கிக் காட்டுவதாக மனைவி ருக்மிணியிடம் மார்தட்டியிருந்தார்.

மணி பன்னிரண்டு அடித்தது.

"ஜான்சி! பீமா பம்ப்ஸ், ஐந்நூறு! சட்டுனு வாங்கும்மா!"

புனே கேம்ப் பகுதியில் இருக்கும் பங்கு புரோக்கர் ஆபீஸில் தமிழ் பேசுகிற ஒரே ஆள் ஜான்சி. "போட்டாச்சு சார்" என்றாள்.

காபியோடு வந்த ருக்மிணி கேட்டாள். "என்ன வாங்கினேள்? பேரைச் சரியாச் சொல்லுங்கோ."

"பீமா பம்ப்ஸ்! ராக்கெட் மாதிரி கிளம்பப்போறது பாரு!"

"பேஷ். நான் பக்கத்தாத்து சரசாவைப் பார்த்துட்டு வந்துடறேன்."

மூன்றரை மணிக்குச் சந்தை மூடியபோது, ராக்கெட் தரையைத் துளைத்துக்கொண்டு போயிருந்தது.

"நீங்க பாக்கறது மெட்ராஸ் பஞ்சாங்கமாச்சே!" என்றாள் ருக்மிணி. "புனேல சூரியன் அரைமணி லேட்டாத்தானே உதிக்கறார்? ராகுகாலமும் அரைமணி தள்ளித்தானே முடியும்?"

பத்ரிநாத் துள்ளிக் குதித்தார். அதானே! சாஃப்ட்வேர் மேல் ஒரு குற்றமும் இல்லை. எல்லாம் சூரியன் செய்த வேலை! அன்றைக்கே ஏழு நாளுக்கும் புனே ராகுகாலம் கணக்கிட்டு, கம்ப்யூட்டரில் அலாரம் வைத்தார்.

புதன்கிழமை சிவப்பு அம்பு வந்தது. இரண்டு மணி அலாரம் அடிக்கும்வரை பல்லைக் கடித்துக் காத்திருந்து, இருந்த பீமா பம்ப்ஸையெல்லாம் விற்றுத் தள்ளினார். இரண்டரைக்கு அந்தப் பங்கு விறுவிறுவென்று ஏற ஆரம்பித்தது.

"சாஃப்ட்வேர்ல இருபது நாள் விலையோட சராசரி வச்சிருக்கேன், அதான் தப்பு! நவக்கிரகம் ஒன்பது, ஒன்பது நாளா மாத்தறேன்!"

மாற்றினார். அம்புகள் இரட்டிப்பாயின, நஷ்டமும்தான். ஆனால் ருக்மிணி ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை.

"தைரியமாப் பண்ணுங்கோ. பேரை மட்டும் எங்கிட்ட சொல்லிடுங்கோ, என் ராசி நல்ல ராசி" என்பாள். உடனே சரசா வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்க்கும் என்று பத்ரிநாத்துக்குக் கண் கலங்கும். மறுபடி உற்சாகம் பொங்க, மவுஸைப் பிடிப்பார்.

தசராவுக்கு முதல் நாள் கூட்டிப் பார்த்தார். மிச்சம் அறுபதாயிரம். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் ஆட்டோ பிடித்து கேம்ப்புக்குப் போனார்.

"கணக்கை மூடிடும்மா ஜான்சி" என்றார். "ஃபிளாட்டுக்குன்னு வச்சிருந்த பணம் போயிடுத்து. எவ்வளவு போச்சுன்னு மாமிக்குத் தெரியாது. எந்த மூஞ்சிய வச்சுண்டு அவகிட்ட சொல்றது?"

ஜான்சி பதறிப்போய் எழுந்தாள்.

"ஐயையோ, மூடிடாதீங்க சார்! பக்கத்து வீட்டு போன்ல இருந்து என்கிட்ட சொல்லி, நீங்க வாங்குறதையெல்லாம் வித்து, நீங்க விக்கிறதையெல்லாம் வாங்கித்தானே மாமி நேத்து அந்த ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்டினாங்க!"