என் காலும் கருவியின் தீர்ப்பும்

வைரஸ் காய்ச்சல் வந்து போனவர்களில் சிலருக்கு நரம்பு பழுதாகும் என்று டாக்டர் சொன்னார். அந்தச் சிலரில் நானும் ஒருவன். எந்தப் பட்டியலிலும் என் பெயர் இத்தனை சீக்கிரம் வந்ததில்லை. பதவி உயர்வுப் பட்டியலில் வரவே இல்லை.

வியாதியின் லட்சணம் இதுதான்: சும்மா இருக்கும்போது உள்ளங்கால் திகுதிகுவென்று எரியும், நிஜமாகவே நெருப்பை மிதித்தால் தெரியாது. ஆபீஸில் மேஜைக்கடியில் செருப்பைக் கழற்றிப் போட்டு உட்காருவது என் வழக்கம். ஒருநாள் வீட்டுக்கு வந்து வெறுங்காலோடு நடந்தால் டக், டக்கென்று சத்தம்.

"ஏங்க, கால்ல லாடம் அடிச்சிட்டு வந்திருக்கீங்களா?" என்றாள் மனைவி.

குதிகாலில் நோட்டீஸ் போர்டு ஊசி ஒன்று தலைவரைக்கும் ஏறியிருந்தது.

"ஆபீஸ் சொத்தை வீட்டுக்குக் கொண்டுபோகாதீங்கன்னு ஊருக்கெல்லாம் சுற்றறிக்கை எழுதுற மனுஷன்!" என்று சிரித்துக்கொண்டே பிடுங்கினாள். பிடுங்கிய பிறகு அழுதாள். "இந்தக் காலோட மூணு மாடி ஏறி இறங்காதீங்க. தரைத்தளத்துல ஒரு நாற்காலி கேளுங்க."

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறது. அதற்குள் பழைய ஃபைல்களை அடுக்கி வைத்திருக்கிறோம். ஆகவே இயக்குநரிடம் போய் நாற்காலி கேட்டேன்.

"வாய்ச் சொல்லை நம்பி நாற்காலி கொடுத்துட முடியுமா? நரம்பு பாக்குற கருவியை வரவழைப்போம். முறையா ஒரு சுற்றறிக்கை எழுதிடுங்க" என்றார்.

எழுதினேன். 'நரம்புப் பழுது குறித்துக் கருவி கூறுவதே இறுதியானது. சம்பந்தப்பட்ட ஊழியரின் உணர்வுகள் கணக்கில் கொள்ளப்படமாட்டா.' வாசித்து வாசித்து ரசித்தேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வார்கள். நான் ஆபீஸ் செலவில் வைத்துக்கொண்டேன்.

மருத்துவமனையிலிருந்து கருவியோடு ஒரு டெக்னீஷியன் அம்மா வந்தார். காலில் கம்பிகளை ஒட்டி, சுரீர் சுரீரென்று மின்சாரம் கொடுத்து, நரம்பில் அது ஓடுகிற வேகத்தை அளந்தார். நார்மல் என்று வந்தது.

"சார், இது பெரிய நரம்பைத்தான் அளக்கும். சூடு, குத்தல் இதையெல்லாம் சொல்றது பொடி நரம்பு. உங்களுக்கு அதுதான் கெட்டிருக்கும்போல. அதுக்கு வேற பரிசோதனை இருக்கு" என்றார் அந்த அம்மா.

இயக்குநர் என்னைப் பார்த்தார். "பொடி நரம்புன்னு ஒண்ணு நம்ம சுற்றறிக்கைல இருக்கா?"

"இல்லீங்க சார்."

"இல்லாத நரம்பு எப்படிங்க கெடும்?"

வந்ததுதான் வந்தது, தனக்கும் பார்த்துவிடச் சொன்னார். அவருடைய ஏசி அறைக்குள் ஃபைலோடு போகிறவர்கள் காதில் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் போவார்கள். நாளெல்லாம் அங்கேயே உறைந்திருந்த காலில் கம்பியை ஒட்டினால், நரம்பு நத்தையாக ஊர்ந்தது.

"சார், கால் சில்லுனு இருந்தா வேகம் குறைச்சலாத்தான்..." என்று டெக்னீஷியன் அம்மா ஆரம்பித்தார்.

"கருவி கூறுவதே இறுதியானது" என்றார் பக்கத்தில் நின்ற ஹெட் கிளார்க். என் வாக்கியம்! கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. நான் கேட்ட நாற்காலி அன்றே இயக்குநருக்குப் போனது.

அதற்குப் பிறகு கருவி ஆபீஸிலேயே தங்கியது, நரம்புப் பழுது நாகரிகமாகிவிட்டது. "உனக்கு எவ்வளவு வேகம்? அவ்வளவா? பாவம், நல்லாத்தான் இருக்கே" என்று ஒருவரையொருவர் இளக்காரம் பேசினார்கள். கழிப்பறையில் ஐஸ் வாளிக்கு வரிசை நின்றது. கேஷியர் காலையில் இடது காலையும் மத்தியானம் வலது காலையும் நொண்டினார். எல்லாருக்கும் பழுது, எல்லாரும் தரைத்தளம். மூன்றாம் மாடியில் நான் மட்டும்.

எனக்கும் ஆசை வந்தது. வராதா? ஊரிலேயே அசல் நோயாளி நான், போலிகளைப் பார்த்துக் காப்பியடிக்கப் போனேன். ஐஸ் வாளியில் காலை வைத்தேன். குளிரே தெரியாததால் சாவகாசமாக பேப்பர் படித்துவிட்டு, மறுபடி பரிசோதனைக்குப் போனேன்.

டெக்னீஷியன் அம்மா தொட்டுப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். "நீலம் பாய்ஞ்சிருக்கு! வெதுவெதுன்னு ஆக்கிட்டு வாங்க."

"மத்தவங்க எல்லாம் இப்படித்தானே வந்தாங்க?"

"அவங்க இயக்குநர் எழுதிக்கொடுத்த சீட்டோட வந்தாங்க, சார்."

டீ போடும் அறையில் இருந்த வெந்நீரை வாளியில் ஊற்றினேன். பதம் பார்க்கக் கையை விட்டிருக்கலாம். மகா புத்திசாலி நான், காலை விட்டேன். சூடு போதவில்லையே என்று இன்னும் ஊற்றினேன். தேடிக்கொண்டு வந்த டெக்னீஷியன் அம்மா அலறிய பிறகுதான் குனிந்து பார்த்தேன். தோல் வழன்று தண்ணீரில் மிதந்தது.

கட்டுப்போட்ட காலை மடியில் வைத்துக்கொண்டு மனைவி சொன்னாள்: "நாற்காலி நாசமாப் போகட்டும். எனக்கு இந்தக் கால் இருந்தாப் போதும்."

ஆபீஸுக்குத் திரும்பியதும் குறிப்பாணை காத்திருந்தது. 'நரம்புகள் நல்ல நிலையில் உள்ளதாகக் கருவியால் சான்றளிக்கப்பட்ட தாங்கள், சூட்டை முழுமையாக உணர்ந்தும் காலை எடுக்காதது ஏன்? வேண்டுமென்றே உடலுக்குச் சேதம் விளைவித்ததற்கு விளக்கம் தருக.'

'எனக்குச் சுடவில்லை' என்று உள்ளது உள்ளபடி எழுதினேன். அதை வாங்கிப் படித்த ஹெட் கிளார்க்குக்கு வியர்த்தது.

"அட பாவி மனுஷா! உமக்குச் சுடலைன்னா கருவி தப்பு. கருவி தப்புன்னா கீழ இருக்கிற அத்தனை பேருக்கும் மறுபரிசோதனை!"

அவ்வளவுதான். தரைத்தளம் முழுக்க மேலே ஓடிவந்தது. இரண்டிரண்டு படியாகத் தாவி இயக்குநர்தான் முதலில் வந்தார், இரண்டு காலாலும் சமமாக ஓடி கேஷியர் அடுத்து.

"சுட்டதுன்னு ஒரு வார்த்தை எழுதிடுங்க. நடவடிக்கை எதுவும் வராம நான் பாத்துக்கறேன்" என்றார் இயக்குநர், மூச்சு வாங்க.

"கீழ எனக்கு ஒரு நாற்காலி, சார்?"

"அதுக்கென்ன, பரிசீலிப்போம்!"

அந்த வார்த்தையை எழுதியே எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன்! ஆனாலும் இயக்குநர் தோளில் கை போட்டதும் உருகிவிட்டேன். 'சுட்டது' என்று எழுதி, அது மொட்டையாக இருக்கிறதே என்று 'மிகவும்' சேர்த்தேன்.

மறுநாளே பரிசீலித்தார்கள். ஆபீஸில் நரம்பு நன்றாக இருப்பது எனக்கு மட்டும்தானாம். அதனால் மாடியிலிருந்து ஃபைல்களைக் கீழே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது.

இன்றும் கட்டுக்காலோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு கட்டு ஃபைலோடு இறங்கினேன். இயக்குநர் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"பாத்து இறங்குங்க. உங்க காலை நம்பித்தான் இந்த ஆபீஸே ஓடுது" என்றார்.

எல்லாரும் கை தட்டினார்கள். வெட்கங்கெட்ட எனக்கு அது சந்தோஷமாக இருந்தது.