காலண்டர் தாளுக்கு அடியில்

திங்கட்கிழமை காலைக்குள் கோதண்டபாணிக்கு நான்கு பெண்கள் தேவைப்பட்டார்கள். அறுபது வயது மனிதர் இதை டீக்கடையில் வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்பது சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. கடையில் இருந்த அத்தனை பேரும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வேலைக்குப்பா," என்றார். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

உண்மையில் வேலைக்குத்தான். 2017ஆம் வருஷம். மரக்காணத்துக்கு எதிரே கடலுக்குள் காற்றாலை நடப்போவதாகச் சொல்லி ஒரு கம்பெனி திண்டிவனத்தில் ஆபீஸ் போட்டிருந்தது. நடுவதற்கு இன்னும் பல வருஷம் இருக்கிறது. இப்போதைக்குக் காற்றை அளக்கிறார்கள், பன்னிரண்டு பேருக்கு டெக்னீஷியன் பயிற்சி கொடுக்கிறார்கள். பன்னிரண்டில் நான்கு பேராவது பெண்களாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பயிற்சி மையம் வேறு ஜில்லாவுக்குப் போய்விடும் என்பது முதல் போட்ட வெளிநாட்டுக்காரர்களின் நிபந்தனை. திங்கட்கிழமை சென்னைத் தலைமை ஆபீஸிலிருந்து அம்பிகா மேடம் பட்டியலையும் பயிற்சிப் படகையும் பார்க்க வருகிறார். பட்டியலில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பன்னிரண்டு பேருக்கும் மீசை இருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பெண்களைச் சேர்ப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர் கோதண்டபாணிதான். மின்சார இலாகாவில் முப்பத்து நான்கு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். விசிட்டிங் கார்டில் 'பன்முகத்தன்மை மற்றும் உள்ளடக்க அலுவலர்' என்று போட்டிருக்கும். அப்படியென்றால் என்ன என்று சம்பந்தி கேட்டதற்கு, "எல்லாரையும் உள்ள சேத்துக்கறது" என்றார். "ரேஷன் கார்டு மாதிரியா?" என்றார் சம்பந்தி.

பெண்கள் விண்ணப்பிக்காமல் இல்லை. ஒன்பது பேர் விண்ணப்பித்தார்கள். கம்பெனி விதிப்படி, தேர்வு செய்கிறவர் பெயரையும் ஊரையும் பார்க்கக்கூடாது. பெயரைப் பார்த்தால் மதம் தெரியும், அப்பா பெயரைப் பார்த்தால் ஜாதி தெரியும், ஊரைப் பார்த்தால் மிச்சமும் தெரிந்துவிடும். அதனால் ஆபீஸ் உதவியாளர் வீரம்மாள், தினமும் கிழிக்கிற காலண்டர் தாளைப் பட்டை பட்டையாக நறுக்கி, கோந்து தடவிப் பெயர்களின் மேல் ஒட்டிவிடுவாள். ஒருவர் பெயரின் மேல் 'கடகம் - கவலை' என்றிருக்கும். இன்னொருவர் மேல் 'துலாம் - லாபம்'.

விதியை மீறவில்லை கோதண்டபாணி. தன் பங்குக்கு ஒரே ஒரு கட்டம் மட்டும் சேர்த்தார்: மணமானவரா, குழந்தை உண்டா, வீட்டில் சம்மதமா. அந்தக் கட்டத்தைப் பார்த்தே ஒன்பது பேரையும் கழித்துவிட்டார். மணமாகாதவர்களுக்கு, 'விரைவில் மணமாகக்கூடும்.' மணமானவர்களுக்கு, 'கணவர் விடமாட்டார்.' ஒரு விதவைக்கு, 'இவரை நம்பிக் குடும்பம் இருக்கிறது, ஆபத்தான வேலை தருவது பாவம்.' ஒவ்வொன்றையும் நல்லெண்ணத்தோடுதான் எழுதினார். விண்ணப்பத்துக்குப் பின்பக்கம் ஒன்று உண்டு, அதை மட்டும் அவர் திருப்பிப் பார்க்கவில்லை.

"அந்த ஒம்பதுலயே நாலு எடுத்துடுங்களேன் சார்," என்றாள் வீரம்மாள்.

"வேணாம்னு காரணம் எழுதி, கையெழுத்து போட்டு, ஒவ்வொருத்தருக்கும் நீயே விலாசம் எழுதித் தபால்ல அனுப்பியாச்சேம்மா. கையெழுத்து போட்டா போட்டதுதான். முப்பத்து நாலு வருஷ சர்வீஸ்ல ஒரு கையெழுத்தையும் நான் அடிச்சதில்ல."

வெள்ளிக்கிழமை, படகுக்கு அனுமதிக் கடிதம் வாங்க விழுப்புரம் போனார். மத்தியானம் மகள் தமிழ்ச்செல்வி வீட்டில் சாப்பாடு. கூடத்தில் அக்கம்பக்கத்தார் கொடுத்துவிட்டுப் போன மிக்ஸிகள் மூன்று வயிறு திறந்து கிடந்தன. பேரன் தூங்கிக்கொண்டிருந்தான். மகள் மிக்ஸி ரிப்பேர் பார்ப்பதில் கோதண்டபாணிக்குக் கொஞ்சம் கூச்சம்தான். மாப்பிள்ளைக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை.

"ஒரு பொண்ணுகூட தேறலம்மா," என்று அலுத்துக்கொண்டார்.

"எத்தினி பேருப்பா போட்டாங்க?"

"ஒம்பது."

"ஒம்பதுல ஒண்ணுகூடவா?"

"ஒண்ணொண்ணுக்கும் ஒரு தொந்தரவு இருக்குதே."

அவள் ரசம் ஊற்றினாள். "பேரை மூடி வெச்சுதான் பாக்குறீங்களா நெஜமா?"

"நெஜமாத்தான். என் பேரே இருந்தாலும் எனக்குத் தெரியாது."

அவள் அப்பளத்தை எடுத்து இலையோரம் வைத்தாள். அவருக்குப் பழையது ஞாபகம் வந்தது. 2010இல், டிப்ளமோ முடித்த கையோடு தெற்கே ஒரு காற்றாலைக் கம்பெனியில் அவளுக்கு ஆர்டர் வந்தது. ஹாஸ்டலில் தங்க வேண்டும், தகப்பனார் சம்மதக் கடிதம் தர வேண்டும். 'சம்மதமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபாலில் அவரே அனுப்பிவைத்தார். அன்றைக்கு அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறார். செய்தது தப்பு என்று அவருக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்லத்தான் ஏழு வருஷமாக வாய் வரவில்லை.

"மோர் ஊத்தும்மா," என்றார்.

சனிக்கிழமை மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்துக்குப் போனார். மீன் விற்கும் கெங்கம்மாள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள்.

"கடல்ல போய் வேலையா? சார், மீனு விக்கிறது நாங்க. வலை வாங்கக் காசுக்கு வழி பண்றது நாங்க. போட்டுல மட்டும் பொம்பள கால் வெக்கக்கூடாது. அது இங்க முறை."

"இது மீன்பிடி போட்டு இல்லம்மா. கம்பெனி போட்டு."

கெங்கம்மாள் ஊர்ப் பெரியவர் முத்துசாமியைப் பார்த்தாள். முத்துசாமி கரையில் நின்ற ஆரஞ்சு நிறப் படகைப் பார்த்தார். "அது இரும்பு டப்பா. அதுல யாரு ஏறுனா எங்களுக்கு இன்னா," என்றார்.

காரியம் அங்கேயே முடிந்திருக்க வேண்டியது. கோதண்டபாணி அதோடு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் ஊரை இன்னும் கொஞ்சம் உள்ளே சேர்த்துக்கொள்ளலாமே என்று அவருக்கு ஆசை வந்தது.

"உங்க கையாலயே போட்டுக்கு ஒரு பூஜை போட்டுடுங்க பெரியவரே. ஊருக்கும் மரியாதை, எங்களுக்கும் சந்தோஷம்."

ஞாயிற்றுக்கிழமை பூஜை தடபுடலாக நடந்தது. படகின் மூக்கில் மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம், சாமந்தி மாலை. பூசணிக்காய் உடைந்தது. எல்லாருக்கும் கேசரி. கையைக் கழுவிக்கொண்டு கோதண்டபாணி, "சரி, நாளைக்குப் பத்து மணிக்குப் பொண்ணுங்க நாலு பேரை அனுப்பிடுங்க," என்றார்.

"எங்க?" என்றார் முத்துசாமி.

"போட்டுக்குத்தான்."

"இன்னா சார் இப்பிடிப் பேசறீங்க. கடலம்மாவுக்குப் படைச்சாச்சு. இனிமே இது எங்க போட்டு. பொம்பள கால் படக்கூடாது."

"நேத்து இரும்பு டப்பான்னு சொன்னீங்களே?"

"நேத்து டப்பா. இன்னிக்கு சாமி."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிட்டது. பூஜையைத் திரும்பப் பெற வழி உண்டா என்று தயங்கித் தயங்கிக் கேட்டுப் பார்த்தார். அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான் என்றார்கள்.

திண்டிவனம் திரும்புகிற வழியில் பிரம்மதேசம் அருகே ஒரு நிலக்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஜீப்பை நிறுத்தினார். கூலிக்கு வந்த பெண்கள் ஆறு பேர். கடல் முறை எதுவும் அவர்களுக்குக் கிடையாது. கடலையே அவர்களில் இரண்டு பேர்தான் பார்த்திருந்தார்கள்.

"நாளைக்கு ஒரு நாள் போட்டுல நிக்கணும், மேடம் வந்து பாப்பாங்க," என்றார்.

"நின்னா வேலை குடுப்பீங்களா?" என்று அவர்களில் மூத்தவள் கேட்டாள்.

"பாக்கலாம்," என்றார். இந்த 'பாக்கலாம்' அவருடைய முப்பத்து நான்கு வருஷ சர்வீஸில் ஊறிய வார்த்தை. பார்க்கமாட்டேன் என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருந்தது. இருந்தாலும் வந்தார்கள். வராமல் விட்டுவிட்டுப் பிறகு வருத்தப்படுவதற்கு வந்துவிடுவதே மேல் என்று நினைத்திருப்பார்கள்.

திங்கட்கிழமை பத்து மணி. ஆறு பெண்களும் புடவைமேல் மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு படகில் ஏறினார்கள். முத்துசாமி தலையில் கைவைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். மீன் கூடையோடு வந்த கெங்கம்மாள் நின்றாள். பார்த்தாள். கூடையை இறக்கினாள்.

"நாப்பது வருசமா இந்தக் கடலு மீனத் தலையில சொமந்தவ நானு. எனக்கு முறையில்ல, மல்லாட்டக்காரிங்களுக்கு முறை இருக்குதா?"

"கெங்கம்மா, வேணாம்," என்றார் முத்துசாமி.

"நீ சும்மா கெட மாமா."

அவள் ஏறினாள். அவளுக்குப் பின்னால் குப்பத்துப் பெண்கள் முண்டியடித்துக்கொண்டு ஏறினார்கள். பத்துப் பேர் கொள்ளும் படகில் இருபத்து மூன்று பேர். படகு ஒரு முழம்கூட நகராமல் மணலில் உட்கார்ந்துகொண்டது. முதல் நாள் போட்ட சாமந்தி மாலை மட்டும் மூக்கில் ஆடிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து அம்பிகா மேடத்தின் கார் வந்து நின்றது. முப்பத்தைந்து வயதிருக்கும். ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடந்து வந்து, படகைப் பார்த்து நின்றார்.

"நாலு பேர்தானே சார் கேட்டோம்," என்றார்.

"கூடவே இருக்கட்டும்னு மேடம்," என்றார் கோதண்டபாணி, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே.

"இவங்கள்ல டிப்ளமோ யாரு? ஐடிஐ யாரு?"

மல்லாட்டை பிடுங்குகிற மூத்தவள் மட்டும், "நாங்க அஞ்சாங்கிளாசு," என்றாள். சொல்லிவிட்டு அவளே மிதவைச் சட்டையைக் கழற்றி, ஒழுங்காக மடித்து, கோதண்டபாணி கையில் கொடுத்தாள். அதை வாங்கிக்கொண்டபோது அவருக்கு அவமானமாக இருந்தது. இந்த மூன்று நாளில் தான் செய்தது என்ன என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

ஆபீஸுக்கு வந்ததும் அம்பிகா அந்த ஒன்பது விண்ணப்பங்களைக் கேட்டார். ஒவ்வொன்றாக, இரண்டு பக்கமும் படித்தார். கோதண்டபாணியின் குறிப்புகளை இரண்டு தடவை படித்தார். கோபித்துக்கொண்டிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"உங்க காலத்துல எப்பவாச்சும் ஒரு கையெழுத்தை அடிச்சிருக்கீங்களா சார்?"

"இல்ல மேடம்."

"இப்ப ஒம்பதையும் அடிங்க."

அடித்தார். முதல் கோட்டை ஸ்கேல் வைத்துப் போட்டார். ஒன்பதாவதுக்கு வந்தபோது, இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருஷம் பயந்தோம் என்று தோன்றியது.

வீரம்மாள் பெயர்ப் பதிவேட்டை வைத்துக்கொண்டு போன் போட உட்கார்ந்தாள். இரண்டு பேர் துணிக்கடை வேலைக்குப் போய்விட்டார்கள். ஒருத்திக்கு, அவர் எழுதியபடியே, மணமாகிவிட்டது. இரண்டு பேர் போன் அணைந்து கிடந்தது. இரண்டு பேர் சாயங்காலமே வருவதாகச் சொன்னார்கள். மூன்றாவதாக அந்த விதவை, அரைமணியில் வருவதாகச் சொன்னாள்.

"மூணு ஆச்சு," என்றார் அம்பிகா. "இன்னும் ஒண்ணு வந்துட்டா மையம் இங்கயே நிக்கும். ஏழாம் நம்பரைப் பாருங்க, ஒம்பதுலயும் இதுதான் பெஸ்ட்டு. எலக்ட்ரிகல் டிப்ளமோ, முதல் வகுப்பு. கணவர் சம்மதம் உண்டுன்னு எழுதியிருக்காங்க. நீங்க இன்னா எழுதியிருக்கீங்க? 'சிறு குழந்தை உண்டு, வீட்டில் சம்மதம் இருக்காது.' உண்டுன்னு சொன்னப்புறமும்?"

"நம்பலை மேடம். தப்புதான்."

"பின்பக்கம் படிச்சீங்களா? இந்த வேலை ஏன் வேணும்னு கேட்டதுக்கு, 'ஒரு தடவை விட்டுப்போச்சு, இன்னொரு தடவை விட மனசில்லை'ன்னு இருக்கு."

பிரவுசிங் சென்டரில் அச்செடுத்த எழுத்து. இருந்தும் அந்த வரி அவரை என்னவோ செய்தது. ஏழாம் நம்பரைக் கையில் வாங்கினார். பெயரின் மேல் 'மிதுனம் - பொறுமை' என்றிருந்தது. யார் பெற்ற பிள்ளையோ, இதற்காவது ஒரு நல்லது செய்துவிட வேண்டும் என்று அவர் மனசார நினைத்தார். முன்பு ஒருத்திக்குச் செய்த பாவத்துக்கு அது கொஞ்சமாவது ஈடாகும் என்று பட்டது.

"நல்லாப் பேசி வரச் சொல்லும்மா," என்றார் வீரம்மாளிடம். "நான் மன்னிப்பு கேட்டதா சொல்லு. வண்டி வேணும்னா அனுப்பறேன்னு சொல்லு."

வீரம்மாள் போனோடு வராந்தாவுக்குப் போனாள். கோதண்டபாணி காலண்டர் தாளின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். கோந்து நன்றாகக் காய்ந்திருந்தது. வெகு நேரம் கழித்து அவள் திரும்பி வந்தாள்.

"வரமாட்டேங்குது சார். எனக்கு ஒண்ணும் புரியல. 'எங்கப்பாவே ரெண்டாவது தடவையும் வேணாம்னு கையெழுத்து போட்டுட்டாரு, விட்டுடுங்கக்கா'ன்னு சொல்லுது."