மிச்சம் பிடித்துக் கட்டிய வீடு

செலவாளியைப் பார்த்திருப்பீர்கள். கஞ்சனிடம் கைமாற்றுக் கேட்டு அசடு வழிந்திருப்பீர்கள். இந்த இரண்டு பேரும் ஒரே சட்டைக்குள் குடியிருப்பதைப் பார்க்க வேண்டுமா? சொந்த வீடு கட்டிக்கொண்டிருக்கும் ஆசாமிகளைத் தேடிப் போய், "வேலை எந்த மட்டுல இருக்கு?" என்று விசாரியுங்கள். பெரும்பாலோர் செலவைச் சொல்லிப் புலம்புவார்கள். அவர்களை விட்டுத் தள்ளுங்கள், அவர்கள் சாதாரண மனிதர்கள். ஒருவர் மட்டும் முகம் மலர்ந்து, தான் எவ்வளவு மிச்சம் பிடித்தார் என்று சொல்ல ஆரம்பிப்பார். அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர்தான் மிச்சக்காரர்.

எனக்குத் தெரிந்த மிச்சக்காரர், பக்கத்துப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தவர். ஒரு கம்பெனியில் கணக்கு அதிகாரி. அங்கே அவர் கூட்டினால் ஒரு காசு பிசகாது என்பார்கள். அதெல்லாம் ஊரான் வீட்டுப் பணம். சொந்தப் பணம் என்று வந்துவிட்டால் மனிதருக்குக் கூட்டல் அடியோடு மறந்துபோகும், கழித்தல் ஒன்றுதான் ஞாபகமிருக்கும்.

அவர் மனைவி துணி தைப்பவர். எங்கள் இரண்டு போர்ஷனுக்கும் பொதுவான நடையில் மெஷினைப் போட்டுக்கொண்டு, போகிறவர் வருகிறவரெல்லாம் காலைத் தாண்டிப் போக, பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு தைப்பார். எனக்கு அந்த அம்மாளைப் பார்த்தாலே பாவமாக இருக்கும். மனை வாங்கிய பணத்தில் பாதி அந்த மெஷினிலிருந்து வந்தது. அதனால் புது வீட்டில் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: ஜன்னல் வைத்த ஒரு தையல் அறை. "அது இல்லாம வீடா?" என்று மிச்சக்காரர் பெருந்தன்மையோடு கேட்டு, பிளானில் முதலில் அதைத்தான் போடச் சொன்னார்.

அப்புறம் அவர் மிச்சம் பிடிக்கக் கிளம்பினார்.

தரைக்குப் போடும் டைல்ஸுக்குச் சதுர அடிக்கு நாற்பது என்று திட்டம். கடைக்குப் போனார். கடைக்காரர் கண்ணைப் பறிக்கிற மாதிரி ஒன்றை எடுத்துக் காட்டி நூறு என்றார். நம் ஆள் மத்தியானச் சாப்பாட்டை மறந்து பேரம் பேசி, எழுந்து போவதுபோல் வாசல்வரை போய், திரும்பி வந்து, கடைக்காரரின் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்பதையெல்லாம் விசாரித்து, கடைசியில் எண்பதுக்கு முடித்துக்கொண்டு வந்தார். வந்ததும் வராததுமாக என் கதவைத்தான் தட்டினார்.

"அடிக்கு இருபது மிச்சம் சார்!"

"நாப்பதுக்குன்னுதானே போட்டிருந்தீங்க?"

"அது பட்ஜெட் சார். நான் சொல்றது மிச்சம்."

இதற்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? நானும் அதைத்தான் சொன்னேன். அந்த இருபதை மொத்தத் தரைக்கும் பெருக்கிப் பார்த்து, வந்த தொகையில் வாசல் தூணுக்குப் பளிங்கு ஒட்டச் சொல்லிவிட்டார். பளிங்கிலும் பேரம் பேசினார், அதிலும் மிச்சம் வந்தது. அதற்கு மாடிப்படி ஓரத்தில் எஃகுக் கைப்பிடி வந்தது. இப்படியாக ஒரு மிச்சம் இன்னொரு மிச்சத்தைக் குட்டி போட்டுக்கொண்டே போயிற்று. அவர் "மிச்சம்" என்று வாயைத் திறந்தாலே மேஸ்திரி கூடுதலாக இரண்டு ஆளுக்குச் சொல்லியனுப்பிவிடுவார்.

ஆனால் இதெல்லாம் சில்லறை. அவருடைய மேதாவிலாசத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பாங்குக்குப் போக வேண்டும். லோன் அதிகாரி சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு முப்பது லட்சம் வரைக்கும் கொடுக்கலாம் சார்" என்றார். நம்மவர், "எனக்கு இருபத்தஞ்சு போதும்" என்று கம்பீரமாகச் சொல்லி, அதை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தார். பலே என்று நானே தோளில் தட்டினேன். ஆறு மாதம் கழித்து அவர் என்ன செய்தார் தெரியுமா? வாங்காமல் விட்ட ஐந்து லட்சத்தை மிச்சம் என்று முடிவு கட்டி, அந்த மிச்சத்தில் மாடியில் ஓர் அறைக்கு உத்தரவு கொடுத்துவிட்டு, அந்த அறைக்குக் கொடுப்பதற்காக மறுபடி பாங்குக்குப் போய் அதே ஐந்து லட்சத்தை வாங்கிவந்தார். அதிகாரி வட்டியைக் கால் சதவீதம் குறைத்தாராம். அதற்கு வீடு முழுக்க அலங்கார விளக்கு.

மிச்சத்தை வாயால் பிடிக்கலாம். கொத்தனாருக்குக் கூலியை வாயால் கொடுக்க முடியுமா? நிஜமான பணம் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். அது தையல் அறையிலிருந்து வந்தது. முதலில் ஜன்னல் போயிற்று. "விளக்குதான் பிரமாதமா போடப் போறோமே, ஜன்னல் எதுக்கு?" என்றார். அடுத்து அலமாரிகள் போயின. பிறகு படிக்கட்டு அகலமாக வேண்டும் என்பதற்காகச் சுவர் உள்ளே நகர்ந்து வந்தது. கடைசியில் அந்த அறை படிக்கட்டுக்கு அடியில் போய் ஒடுங்கிவிட்டது. உட்கார்ந்தால் தலை இடிக்காது, எழுந்தால் இடிக்கும்.

"தைக்கிறவங்க உக்காந்துதானே தைப்பாங்க?" என்று அதற்கும் சமாதானம் சொன்னார்.

அந்த அம்மாளின் மெஷின் கொஞ்சம் வேகமாக ஓடியது.

பெயிண்ட் அடிக்கிற கட்டத்தில் பணம் சுத்தமாகத் தீர்ந்தது. வாசலுக்குக் கொடியும் பூவும் வளைத்த பெரிய இரும்புக் கேட்டுக்கு அப்போதுதான் ஆர்டர் கொடுத்திருந்தார். நான் ஒரு பேண்ட்டை உயரம் குறைக்கக் கொண்டுபோய் நடையில் நின்றுகொண்டிருந்தேன். மிச்சக்காரர் மனைவிக்கு எதிரில் குந்தி உட்கார்ந்து, தேனாகக் குழைந்துகொண்டிருந்தார்.

"இங்க பாரு, உன் பேர்ல பாங்குல கிடக்குதே, அதுல ஒரு எண்பதாயிரம் எடுத்தா கேட் வேலை முடிஞ்சிடும். ஒன்னேகால் சொன்னான், நான்தான் எண்பதுக்குக் கொண்டுவந்தேன்."

அம்மாள் மெஷினை நிறுத்தினார். என்னைப் பார்த்தும் குரலைத் தணிக்கவில்லை.

"நான் தர மாட்டேங்க."

"ஏன்?"

"கணக்குப் பாருங்க. நான் கொடுத்தா எண்பதாயிரம் போயிடும். கொடுக்கலை. அப்போ எண்பதாயிரம் மிச்சம். அந்த மிச்சத்துல என் ரூம் சுவத்தைப் பழைய இடத்துல கட்டி, ஜன்னல் வச்சுக் கொடுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. மேலே பார்த்தார், விரல் விட்டு எண்ணினார். அவருடைய முறைப்படி அதில் தப்பே இல்லை.

"அதுசரி, கையில பணம் இல்லையே?" என்றார் பரிதாபமாக.

"இத்தனை நாளா இருந்துச்சா?"

பிறகு அந்த அம்மாள் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னார்: "இருட்டுல தைச்சுத் தைச்சு எனக்குக் கண்ணு போகுதுங்க. இன்னொரு வீட்லயும் அப்படித் தைக்க என்னால முடியாது. கேட் வேண்டாம்னு இன்னைக்கே சொல்லிடுங்க. ரூமுக்கு ஆகிறதை நான் கொடுக்கறேன். உங்க கையில இல்ல, மேஸ்திரி கையில."

அறை வந்தது. படிக்கட்டு மெலிந்து, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் இறங்கி வழிவிட வேண்டிய அளவுக்கு ஆயிற்று. அவர்கள் குடிபோன மறு வாரம் போய்ப் பார்த்தேன். ஜன்னலை ஒட்டி மெஷின், அதன்மேல் நல்ல வெயில். பகலில் விளக்கில்லாமல் அந்த அம்மாள் தைப்பதை அன்றுதான் பார்த்தேன். மனசுக்கு நிறைவாக இருந்தது. வாசலில் கேட்டுக்குப் பதிலாக ஒரு தகரத்தைக் கம்பியால் கட்டி நிறுத்தியிருந்தார்கள்.

மிச்சக்காரர் என்னைத் தனியாக ஓரம் கட்டினார். முகத்தில் பழைய மலர்ச்சி.

"கேட் வைக்கலை சார். அந்த வகையில எண்பது மிச்சம். மொட்டை மாடிக்கு ஒரு கூரை போட்டுட்டா என்ன?"

உள்ளே மெஷின் சத்தம் நின்றது. அவர் சட்டென்று, இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி என்று பேச ஆரம்பித்துவிட்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், காசா பணமா? ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். இந்தப் புத்தகத்தை விலை கொடுத்து வாங்கினீர்களா, யாரிடமாவது இரவல் வாங்கினீர்களா? இரவல் என்றால் புத்தகத்தின் விலை உங்களுக்கு மிச்சம். அதில் என்ன வாங்கலாம் என்று இந்நேரம் மனசில் ஒன்று ஓடியிருக்குமே? வாங்குங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. எதற்கும் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள்.