நான் திட்டிப் பிடிக்க வைத்த பந்து

பந்தை ஒரு முறைகூடக் காலால் தொடாதவர்களுக்குத்தான் பந்தாட்டத்தைப் பற்றி அதிகமான கருத்துகள் இருக்கும். அந்தக் கூட்டத்துக்கு நானே தலைவியாக இருக்கலாம். கோலா கிளாவாங் போகிற சாலையில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில், பெண்கள் திடல் பக்கம் போவதென்றால் சாப்பாடு கொண்டுபோகத்தான். நான் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு ஆட்டம் முடியும்வரை நிற்பேன். (சோறு ஆறிப்போகும், அப்பா திட்டுவார். அதையெல்லாம் பார்த்தால் ஆட்டம் பார்க்க முடியுமா?)

ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால், ஆட்டக்காரர்களை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு இழுப்பது எங்கள் பக்கத்தில் பெரிய அரசியல். நன்றாக ஆடுகிறவன் எங்கே இருந்தாலும் கங்காணி நைசாக ஆள் அனுப்புவார். லேசான வேலை, மழை ஒழுகாத லயத்து வீடு என்று ஆசை காட்டிக் கூட்டி வந்துவிடுவார். சுங்கை காடுட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ராமையா அண்ணன் என்ற சென்டர் பார்வர்டு அப்படித்தான் எங்களுக்கு வந்தார். அந்தத் தோட்டத்துக் கங்காணியின் கோபத்தைத் தணிக்க எங்கள் கங்காணி ஒரு கறவை மாட்டைக் கொடுத்ததாகப் பேச்சு. மறுநாள் பால் எடுக்க மரம் வெட்டும்போதே நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

"மாடு மழையிலயும் பால் குடுக்கும். இவரு மழை பேஞ்சா ஓட மாட்டாரு. நமக்குத்தான் நட்டம்."

அந்த வருஷம் முழுக்க அவர் கோலாக அடித்துத் தள்ளினார். அதற்குப் பிறகும் நான் மாட்டின் பக்கம்தான் பேசினேன். அவருடைய மனைவி அஞ்சலை அக்கா எனக்கு அடுத்த நிரையில் மரம் வெட்டுகிறவர். எல்லாவற்றையும் கேட்டுச் சிரித்துக்கொண்டே இருப்பார்.

என்னிடம் அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் எங்கள் கோல் கீப்பர் கோவிந்தன். என் மாமன் மகன், எனக்கென்று பேசி வைத்திருந்த மாப்பிள்ளை. நல்ல கீப்பர்தான். ஆனால் கட்டிக்கொள்ளப் போகிறவரைப் புகழ்ந்து பேசினால் ஊர் கேலி செய்யும் என்று நான் எப்போதும் குறை சொல்லியே பழகியிருந்தேன்.

"பந்தைப் பிடிக்க நிக்கிறியா, கும்பிட நிக்கிறியா மச்சான்?"

"கல்யாணத்துக்கு அப்புறமும் இப்படித்தானா, ராசம்மா?"

"ஒழுங்கா பிடிச்சா நிறுத்திடுறேன்."

பிறகு ஜப்பான்காரன் வந்தான். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனார். பால் மரங்களைக் கேட்பாரில்லை, நாங்கள் மரவள்ளிக்கிழங்கு நட்டோம், மூன்று வேளையும் அதையே தின்றோம். ஆட்டக்காரர்கள் மாறிப்போகிற செய்தி நின்றுபோய், எந்தத் தோட்டத்து ஆட்களைச் சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றினார்கள் என்ற செய்திதான் வந்தது. போனவர்களைப் பற்றி எதுவும் தெரியாது. அந்தச் செய்திக்கு மட்டும் என்னிடம் கருத்து எதுவும் இருந்ததில்லை. பயம்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில், சிரம்பானிலிருந்து ஒரு ஜப்பானிய அதிகாரி வருகிறார், எங்கள் தோட்டமும் ராமையா அண்ணனின் பழைய தோட்டமும் அவர் முன்னால் ஆட வேண்டும் என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வந்து சொன்னார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் ராமையா அண்ணன் எல்லாரையும் கூப்பிட்டார்.

"திடகாத்திரமான ஆளைப் பொறுக்கத்தான் வர்றான். நல்லா ஓடினா சயாம்தான். அந்தத் தோட்டத்துக்கும் சொல்லியாச்சு. ரெண்டு பக்கமும் சீக்காளியா ஆடணும்." என் பக்கம் திரும்பினார். "ராசம்மா, நீ வாயைத் திறக்காம இருலா."

நான் அம்மன் மேல் சத்தியம் செய்தேன்.

அப்படி ஓர் ஆட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பிளாடர் ஓட்டையை ரப்பர் பால் ஊற்றி அடைத்த பழைய பந்து. அதைக் கண்டால் ஆளாளுக்கு விலகிப் போனார்கள். ராமையா அண்ணன் யாரும் இல்லாத இடத்தில் தடுக்கி விழுந்து, எழுந்திருக்க மனமில்லாமல் கிடந்தார். எதிர் அணியில் ஒருவன் நடந்து வந்து இருமினான். பந்தை உதைக்கப் போன இன்னொருவன் வேண்டுமென்றே புல்லை உதைத்தான். அதிகாரி நாற்காலியில் கொட்டாவி விட்டார். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்போது ஒரு பந்து எங்கள் கோலை நோக்கிக் கோழிக்குஞ்சு நடக்கிற மாதிரி உருண்டு வந்தது. கோவிந்தன் அது தன்னைத் தாண்டிப் போகிறவரை பொறுத்திருந்து, பிறகு குனிந்தார்.

எனக்குச் சத்தியம் மறந்தது, சயாம் மறந்தது. நாக்கு தானாகப் புரண்டது.

"எங்கம்மாகூட பிடிச்சிருப்பாலா அந்தப் பந்தை. இந்த ஆளுக்கா என்னைக் கட்டிக் குடுக்கப் போறீங்க?"

திடலே சிரித்தது. எதிர் அணிக்காரனும் சிரித்துக்கொண்டே, மோசமாக ஆட வேண்டும் என்பதை மறந்து, அடுத்த பந்தைப் பலமாக அடித்துவிட்டான். மூலைக்குப் போக வேண்டிய பந்து. கோவிந்தனின் முகம் சிவந்திருந்தது. பக்கவாட்டில் பாய்ந்தார், ஒற்றைக் கையால் பிடித்தார், பந்தோடு எழுந்து நேராக என்னைப் பார்த்தார்.

ஒரே ஒருத்தி மட்டும் கை தட்டினாள். (யாரென்று சொல்ல வேண்டியதில்லை.)

அதிகாரி எழுந்தார். கோவிந்தனைக் கோலில் நிற்க வைத்து, பூட்ஸ் காலோடு தானே பந்தை அடிக்க ஆரம்பித்தார். பிடிப்பதா, விடுவதா என்று கோவிந்தனுக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் இரண்டு கையாலும் என் வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் எல்லாவற்றையும் பிடித்தார். அன்றைக்கே அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் தின்னவில்லை, தூங்கவில்லை. என் வாயாலேயே அவரைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். மாமி என் முகத்தில் விழிக்கவில்லை. ஊர் என்னோடு பேசவில்லை. அஞ்சலை அக்கா மட்டும் அவித்த கிழங்கு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்.

பல நாள் கழித்து, சிரம்பான் போய்வந்த கிராணி சொன்னார்: "அவன் நல்லாத்தான் இருக்கான். அதிகாரியோட டீமுக்குக் கோல் கீப்பர். அரிசிச் சோறு திங்கிறான்."

ஊர் திரும்பவும் என்னோடு பேச ஆரம்பித்த நேரத்தில், லாரி எங்கள் தோட்டத்துக்கே வந்தது. யார் எப்படி ஆடினான் என்று ஒருவரும் கேட்கவில்லை. கையும் காலும் இருந்த ஆண்களையெல்லாம் ஏற்றினார்கள். சீக்காளியாக நடித்த எங்கள் அணி மொத்தமும் போயிற்று. இரண்டு பேர்தான் திரும்பி வந்தார்கள். ராமையா அண்ணன் வரவில்லை.

சண்டை முடிந்ததும் கோவிந்தன் வந்தார், என்னைக் கட்டிக்கொண்டார். அதிலிருந்து எந்த விருந்துக்குப் போனாலும் இதே பேச்சுத்தான். "எங்க வீட்டுக்காரி திட்டுனா நான் பேசாம கேட்டுக்குவேன். அவ திட்டுனதாலதான் உசிரோட இருக்கேன்." பிள்ளைகள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அஞ்சலை அக்கா இருக்கிற இடத்தில் மட்டும் அவர் அதைச் சொன்னதில்லை.

எங்கள் மூத்தவன் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டுக்காரர் அந்தக் கதையைச் சொல்லச் சொல்லி விடாமல் கேட்டார். கோவிந்தன் அஞ்சலை அக்காவைப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் பழைய கதை" என்று மழுப்பினார்.

வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அக்கா தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "சொல்லுங்கண்ணே. அதுல எங்க வீட்டுக்காரரு வருவாரு."

அவர் சொன்னார். ராமையா அண்ணன் ஆளே இல்லாத இடத்தில் தடுக்கி விழுந்ததை எழுந்து நின்று விழுந்தே காட்டினார். அக்காதான் முதலில் சிரித்தார்.