மார்கரெட் வீட்டுக் கடற்பறவை

எழுதவே தெரியாதவளால் உலகத்துக்கு ஆபத்தில்லை. என்னைப்போல் மூன்றாம் வகுப்போடு நின்றவள் கையில் பென்சில் கிடைத்தால்தான் வில்லங்கம்.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ஒடாஹுஹுவில் எங்கள் பக்கத்து வீட்டு மார்கரெட்டின் பூட்டன், விக்டோரியா ராணி காலத்தில் கப்பலில் சமையல்காரராக வந்தவர். பொழுது போகாமல் கப்பல் கப்பலாகப் பென்சிலால் வரைந்து தள்ளியிருக்கிறார். (எல்லாம் ஒரு பக்கம் சரிஞ்சுதான் நிக்கும், பாவம்.) மார்கரெட் வீட்டுக் கூரை ஒழுகியதால் அந்தப் படக்கட்டு எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. மறுநாள் மியூசியத்திலிருந்து ஒரு பெண் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அவர்கள் எடுக்காவிட்டால், தன் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் குப்பையில் போட்டுவிடுவார்கள் என்று மார்கரெட் கண்கலங்கியிருந்தார்.

அன்று பார்த்து டொராண்டோவிலிருந்து தங்கை போன் எடுத்தாள்.

"அக்கா, அரியதரப் பலகாரத்துக்கு அளவு கேட்டனீங்களெல்லே. எழுதுங்கோ."

கைக்கு எட்டிய தாளை இழுத்தேன். அடியில் கடுகளவு கப்பல், மேலே முழுக்க வெறும் தாள். உச்சியில் பிள்ளையார் சுழி போட்டு, 'அரிசி இரண்டு சுண்டு' என்று எழுதிய பிறகுதான் கப்பல் என் கண்ணில் பட்டது.

அழிறப்பரால் அரிசியை அழித்தேன். சுழியை அழிக்கக் கை வரவில்லை. (பிள்ளையாரை எப்பிடி அழிக்கிறது?)

மறுநாள் மியூசியப் பெண் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் தாள்களைப் புரட்டினார். மார்கரெட் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். அந்தத் தாள் வந்தது. பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார்.

"கப்பல் சுமார்தான். ஆனால் இந்தக் கடற்பறவை! ஒரே கோட்டில் என்ன உயிர்!"

அது என் பிள்ளையார் சுழி. எனக்காக இங்கிலிஷ் பேசும் மகளோ பென்ரோஸில் வேலையில். உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று, தெரிந்த இங்கிலிஷ் முழுவதையும் திரட்டிப் பறவையைத் தொட்டுக் காட்டினேன்.

"மை காட்."

"உண்மைதான்," என்றார் அவர்.

"நோ, நோ. மை காட்." நெஞ்சில் கையும் வைத்தேன்.

மார்கரெட் என்னைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டார்.

மாலையில் மகளிடம் சொன்னேன்.

"அம்மா, ஒரு நாள் சும்மா இருக்க மாட்டீங்களே?" என்றபடி மியூசியத்துக்குப் போன் எடுத்தாள்.

மியூசியம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. அந்த ஒரு தாளின் கீழே மட்டும் 'பறவை பிற்காலச் சேர்க்கை' என்று குறிப்பாம். மார்கரெட் மூன்று நாள் சிரித்தார். இப்போது கடைக்கு எழுதும் லிஸ்டிலும் உச்சியில் ஒரு பறவை போடுகிறார்.

எங்கள் வீட்டில் யாராவது வாய்தவறி "மை காட்" என்றால் போதும். மருமகன் நிமிர்ந்து முகட்டைப் பார்த்துக் கேட்பார்:

"எங்க மாமி, எந்தப் பக்கத்தால பறக்குது?"